கண்முழித்த ராத்திரி

மருமகள் பால் டம்ளரை என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். கூடவே ஒரு செம்புத் தண்ணீர்.

"இன்னைக்கு ராத்திரி வெறும் வயித்தோட சாமிக்குக் கண்ணு முழிச்சா நெனச்சது நடக்கும் மாமா. உங்களுக்கு முடியாது. பாலைக் குடிச்சிட்டுத் தூங்குங்க."

அவளும் மகனும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கோயிலுக்குக் கிளம்பினார்கள். கதவை வெளியே பூட்டும் சத்தம் கேட்டது.

அவர்கள் நினைத்தது என்னவென்று எனக்குத் தெரியும்.

வீட்டை மகன் பேருக்கு மாற்றும் பத்திரமும் மை டப்பாவும் ஒரு மாதமாக மேஜைமேல் கிடக்கின்றன. எனக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுதான். வைத்தால் மறுநாளே என்னை முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுவார்கள். செத்தாலும் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள் பால் கொடுத்தால் குடிக்க நான் என்ன கேனையனா. ஜன்னல் வழியாகக் கொட்டினேன். மதில்மேல் இருந்த பூனை இறங்கி வந்து ஒரு சொட்டு விடாமல் நக்கியது.

கண் முழிக்கிறவனெல்லாம் பக்தன் என்றால், திருடனைவிடப் பெரிய பக்தன் உண்டா? சரி, நானும் முழிக்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

பசித்தது. அவள் சமைத்த எதையும் தொடவில்லை. வயிறு காந்தும்போதெல்லாம் தண்ணீரைக் குடித்தேன்.

ஜாமத்துக்கு ஒருமுறை கோயில் மணி அடித்தது. முதல் மணி. இரண்டாவது மணி.

பூனையை எட்டிப் பார்த்தேன். மதில்மேல் ஏறி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. கண் இரண்டும் விளக்குப் போல எரிந்தன.

மூன்றாவது மணி எனக்குக் கேட்கவில்லை.

விழித்தபோது வெயில் என் காலில் விழுந்திருந்தது. தலை அம்மிக்கல்லாகக் கனத்தது. மகன் முன்னால் நின்றான். நெற்றி நிறையத் திருநீறு. ராத்திரி முழுக்கத் தூங்காதவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை.

"நல்லாத் தூங்கினீங்களாப்பா? இந்தாங்க, பூசிக்குங்க."

அடுப்படியில் மருமகள் செம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தவிர வேறு பாத்திரம் எதையும் அவள் இன்னும் எடுக்கவில்லை.

வலது கையில் வாங்கிய திருநீற்றை இடது உள்ளங்கையில் கொட்டினேன்.

வெள்ளைத் திருநீற்றுக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் நீலமாக இருந்தது.