கோட்டுக்கு வெளியே

ஊர்க் கபடி அணியில் ஆடும்வரைதான் வெளிமாநிலத்தவருக்குத் திருப்பூரில் குடியிருக்கும் உரிமை. ஒடிசாவிலிருந்து வந்த நிரஞ்சனை ஊரே தோளில் தூக்கிக் கொண்டாடியது. நேற்றைய ஆட்டத்தில் அவன் முட்டி முறிந்தது. காலையில் வீட்டுக் கதவில் குடியிருப்பு அனுமதியைக் காட்டும் பச்சை விளக்கு சிவப்பாகியிருந்தது.

அணித்தலைவர் பழனிவேல் சட்டையைத் திரும்ப வாங்க வந்தார்.

"எனக்கும் மனசே இல்லைங்கம்மா. பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிருங்க."

நிரஞ்சனின் மனைவி சபிதா அணியின் சட்டையைத் துவைத்து வைத்திருந்தாள்.

"அவுட்டானவரு கோட்டுக்கு வெளிய உக்காந்திருந்தா, நீங்க ஒரு பாயிண்ட் எடுத்ததும் உள்ள கூப்பிடுவீங்கல்லங்ணா? நாங்க ஊருக்கு வெளியவே உக்காந்திருக்கோம். கூப்பிடுங்க."

பழனிவேல் சட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். தெருமுனையில், நேற்று ரயிலிறங்கிய ஒருவன் அந்தச் சட்டைக்காகக் கைநீட்டி நின்றான்.