நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்

டங்!

தலைக்கு மேல் எழுந்த சத்தத்தோடு லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது.

“போச்சுடா! நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டோம்” என்றார், மூலையில் வாளியும் துடைப்பமுமாக நின்றிருந்த துப்புரவு அக்கா.

கையில் தடித்த ஆய்வேட்டுடன் நின்றிருந்த ஆராய்ச்சி மாணவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். செல்போனை எடுத்தாள். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ‘உதவி’ என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தி, “ஹலோ! யாராவது இருக்கீங்களா?” என்று கத்தினாள். விரலை எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த சல்லடை ஓட்டைகளில் காதை வைத்தாள். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

“செத்த பெட்டி. அந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லை!”

“மெக்கானிக் வந்துடுவாரு. உயிரா போகுது? அப்படி என்ன அவசரம் கண்ணு?”

“பதினோரு மணிக்கு ஏழாவது மாடியில எனக்கு வைவா அக்கா. வெளியூர்லேர்ந்து தேர்வாளர் வந்திருக்கார். அவர் கேள்வி கேட்டு, நான் பதில் சொல்லி, அவர் கையெழுத்துப் போட்டாத்தான் பட்டம். பன்னிரண்டு மணிக்கு ரயிலுக்குக் கிளம்பிடுவார். விட்டா இன்னும் எத்தனை மாசமோ! பட்டத்தைக் காட்டினாத்தான் இந்த மாசக் கடைசியில வேலை.”

“ஆளு எப்படி இருப்பாரு?”

“குண்டா, கைத்தடியோட, சிடுசிடுன்னு இருப்பாராம். பசங்க வச்ச பேரு கத்தரிக்கோல். எதைச் சொன்னாலும் வெட்டுவாராம்.”

“ஓகோ...” என்று இழுத்த அக்கா, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொத்தான்கள் இருந்த சுவரில் சாய்ந்துகொண்டார். “நின்னு நின்னு இடுப்பு விட்டுப்போச்சு. அது சரி, எதைப் பத்திப் படிச்சே?”

“கடவுள் இருக்காரான்னு. ஆறு வருஷம்.”

“அதுக்கு ஆறு வருஷமா? எங்க வீட்டுக்காரரைக் கேட்டிருந்தா ஒரே நிமிஷத்துல இல்லைன்னு சொல்லியிருப்பாரு. என்னைக் கேட்டிருந்தா அரை நிமிஷத்துல இருக்குன்னு சொல்லியிருப்பேன்!”

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் என்னோட நானூறு பக்கமும் அக்கா.”

“எனக்கும் சொல்லேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லு, காது மந்தம்.”

மணி பதினொன்று ஐந்து. அழுதால் கதவு திறக்குமா? கடைசி ஒரு நிமிஷம் கிடைத்தாலும் போதும், அந்த நிமிஷத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“இந்த லிஃப்ட் எதுல தொங்குது?”

“கம்பியில.”

“கம்பி?”

“மேல சக்கரத்துல.”

“தொங்குறது எல்லாம் இன்னொண்ணைப் பிடிச்சுத்தான் தொங்குது. தொங்காத ஒண்ணு மேல எங்கேயோ இருக்கு, அதனாலதான் நாம விழலை. உலகமும் அப்படித்தான். எதையும் பிடிச்சுக்காம தானா நிக்கிற ஒண்ணு இருந்தே ஆகணும். அதைத்தான் கடவுள்ங்கறேன்.”

“அது எப்படி? ஒண்ணைப் பிடிச்சு ஒண்ணுன்னு முடிவே இல்லாமப் போயிக்கிட்டே இருக்கக் கூடாதா?”

அவள் திடுக்கிட்டாள். கத்தரிக்கோல் கேட்கக்கூடிய முதல் கேள்வியே இதுதான்! வாளியைப் பார்த்தாள்.

“இந்த வாளி கைமாறிக் கைமாறி உங்ககிட்ட வந்ததுன்னு வைங்க. வரிசை எவ்வளவு நீளமா இருந்தா என்ன? குழாயில யாரும் தண்ணி பிடிக்கலைன்னா கடைசிக் கைக்கு வெறும் வாளிதான் வரும்.”

“அட!” என்ற அக்கா விடவில்லை. “சரி, இருக்காருன்னே வச்சுக்குவோம். கூப்பிட்டா ஏன் பதிலே சொல்றதில்லை?”

“பதில் வராததால ஆளே இல்லைன்னு ஆயிடாது அக்கா. நமக்குக் கேக்கலை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

“இதெல்லாம் ஏட்டுல எழுதினது. நீ நம்புறியா?”

அவள் ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ பதினெட்டு நாள் வேண்டிக்கிட்டேன். அப்பா போயிட்டார். அந்தக் கோபத்துல, கடவுள் இல்லைன்னு நிரூபிக்கத்தான் இந்த ஆராய்ச்சியை ஆரம்பிச்சேன். தோத்துட்டேன். ஆனா ஒண்ணு, வாதம் நம்மளை வாசல் வரைக்கும்தான் கொண்டு விடும். உள்ளே நாமதான் நடந்து போகணும். நான் போயிட்டேன். இப்பவும் தினமும் பேசுறேன், பதில் வரலைன்னாலும். கத்தரிக்கோல் வெட்டினாலும் இதை மாத்திச் சொல்ல மாட்டேன்!”

அக்காவின் கேள்விகள் ஓயவில்லை. அவளும் சளைக்கவில்லை. ஒருவழியாக மெக்கானிக் மேலே கையால் சக்கரத்தைச் சுற்ற, லிஃப்ட் முனகிக்கொண்டே தரைத்தளத்துக்கு இறங்கியது. மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம்.

கதவு திறந்தது. எதிரே காவலாளி அறை வாசலில், கைத்தடியுடன் குண்டாக ஒருவர். பின்னால் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர்.

“சார்... பத்து நிமிஷம் மட்டும் குடுங்க, ப்ளீஸ்...”

“எதுக்கும்மா? கையெழுத்துப் போட்டாச்சு” என்று ஃபைலை நீட்டினார் தேர்வாளர். “அந்த வாளி உதாரணம் ஆய்வேட்டுல இல்லையே, சேர்த்துடுங்க. கத்தரிக்கோலும் நல்ல பேருதான்!”

கைத்தடியைத் தட்டிக்கொண்டு அவர் வாசலை நோக்கி நடக்க, அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா, சிவந்து கன்றிப்போயிருந்த கட்டை விரலைத் தேய்த்துவிட்டபடி சொன்னார்: “கைத்தடியோட ஏழு மாடி ஏற முடியாதவரு, லிஃப்டுக்காகக் காவலாளி ரூம்லதானே காத்திருப்பாரு! தினமும் அந்த ரூமைப் பெருக்குறவ நான், எனக்குத் தெரியாதா? அந்தப் பொத்தானை அமுக்கிப் பிடிச்சா நாம பேசுறது ஒரு வார்த்தை விடாம அங்கே கேக்கும் கண்ணு, அவங்க சொல்ற பதில்தான் நமக்கு வராது.”