நொட்டாங்கை முடிச்சு

"முக்காடு போட்டுக்கோ வடிவு, ஜெபம் பண்ணலாம்" என்றார் சலோமியம்மா.

முந்தானையைத் தொட எனக்குக் கை வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன் அதைத்தான் நடுத்தெருவில் உதறிக் காட்டச் சொன்னார்கள்.

தறிக்காரர் ஆதிகேசவன் வீட்டில் அரைக் கண்டு ஜரிகை காணாமல் போயிருந்தது. அங்கே நூல் இழைக்கப் போகிறவர்கள் நாங்கள் ஆறு பேர். மற்ற ஐந்து பேரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செவிலிமேட்டுக் காலனியிலிருந்து போகிறவள் நான் ஒருத்திதானே.

மறுநாள் கருட சேவை. பந்தல் போடுகிறவர்கள் ஏணியில் நின்றபடியே வேடிக்கை பார்த்தார்கள்.

உதறினேன். ஒன்றும் விழவில்லை. விழவில்லை என்பதற்காக யாரும் நம்பிவிடவில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பேர் ஜரிகைக்காரி. குழாயடியில் நான் போனால் எல்லாரும் ஒதுங்கி வழி விடுகிறார்கள், அவ்வளவு மரியாதை. என் வீட்டுக்காரர் ராஜவேலு மட்டும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் வேதக்கோயிலுக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று வீடு தேடி வந்தவர் சலோமியம்மா ஒருவர்தான். பைபிளம்மா என்றால்தான் ஊரில் தெரியும். அந்த வெயிலில் நடந்தே வந்திருந்தார். நான் நீட்டிய சொம்பை வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். எனக்கு அதிலேயே பாதி ஆறிவிட்டது.

முதியோர் வகுப்பில் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் அவர். அதனால் எப்போது வந்தாலும் என்னைத்தான் வாசிக்கச் சொல்வார். அன்றும் வேதப்புத்தகத்தை என் மடியில் வைத்தார்.

"அடையாளம் வச்சிருக்குது பாரு, அங்கேர்ந்து படி."

வெட்கப்பட்டுப் போனவளுக்கு ஆறுதல் சொல்கிற இடம் அது. நாலு வரி படித்தேன். ஐந்தாவது வரியில் நின்றுவிட்டேன்.

வசனம் என்னைத் தொட்டுவிட்டது என்று நினைத்து அவர் என் முதுகைத் தடவினார்.

"இந்த அடையாளம் யாரும்மா பின்னுனது?"

"நம்ம லில்லிதான். போன வாரம் என் பொறந்த நாளைக்குக் குடுத்தா. ஏதோ மினுமினுன்னு நூலு, நல்லாத்தான் இருக்குது."

லில்லி அவருடைய மகள். தறி வீட்டில் எனக்கு அடுத்த ராட்டை அவளுடையது. நான் தெருவில் நின்ற அன்று அவள் தலையைத் தூக்காமல் நூல் இழைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னலை நகத்தால் கீறினேன். பொன் நிறம் விலகி உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தது. அசல் ஜரிகை.

ஜரிகை ஊரெல்லாம் இருக்கிறது. ஆனால் பின்னலின் நடுவில் ஒரு முடிச்சு இருந்தது. எனக்கு இடது கைப் பழக்கம்; அறுந்த இழையை நான் முடிந்தால் மட்டும் முடிச்சு எதிர்ப்பக்கமாக விழும். நொட்டாங்கை முடிச்சு என்று தறி வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். காணாமல் போன கண்டில் அந்த முடிச்சைப் போட்டவள் நான். ஆதிகேசவன் பார்த்தால் அந்தக் கண்டுதான் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

ஆத்திரம் தலைக்கு ஏறியது. அவள் மட்டும் அப்போது எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"இப்ப நீ பண்ணு" என்றார் சலோமியம்மா. "பேரச் சொல்லிப் பண்ணு. பேர் இல்லாத ஜெபம் வெலாசம் எழுதாத கார்டு, போய்ச் சேராது."

மூன்று வாரமாகத் தினமும் நான் ஒரே ஜெபத்தைத்தான் செய்துவந்தேன். எடுத்தவள் கை விளங்காமல் போகட்டும். பேர் தெரியாததால் பேர் சொல்லவில்லை.

முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டேன்.

"ஆண்டவரே, லில்லி கைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது."

முன்பு கேட்டதை மறந்துவிடும்படி மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன். பிறகு ஆமென் சொன்னேன்.

சலோமியம்மா கண்ணைத் திறந்தார். "லில்லி கைக்கு என்னாம்மா?"

"நூல் இழைக்கிற கையாச்சேம்மா."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை கஷ்டத்திலும் என் பெண்ணை நினைத்தாயே என்று என் தலையில் கை வைத்தார். பிறகு எழுந்தார்.

"நான் நேரா ஆதிகேசவன் வீட்டுக்குத்தான் போறேன். இந்தப் புத்தகத்து மேல கைய வச்சி, வடிவு எடுக்கலன்னு சொல்லிட்டுத்தான் வருவேன்."

புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருந்தது. பின்னலின் நுனி இரண்டு விரற்கடை வெளியே தொங்கியது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், ஒன்றும் சொல்ல வேண்டாம். சும்மா எடுத்துக் கொடுத்தால் போதும். விளக்கு வைப்பதற்குள் என் பேர் எனக்குத் திரும்பிவிடும்.

ஆனால் அந்த வாசலில், என்னை உதறச் சொன்ன அதே இடத்தில், தன் மகள் பின்னியதைத் தானே கையில் பிடித்துக்கொண்டு இந்த அம்மா நிற்கப்போகிற நிற்பு கண்ணில் வந்தது.

அவர் செருப்பைத் தேடிக் குனிந்தார்.

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, பின்னல் இருந்த பக்கத்தில் வைத்தேன். புத்தகத்தை மூடிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். பின்னலைச் சுருட்டி முந்தானையில் வைத்து இடுப்பில் செருகியிருந்தேன்.

அன்றைக்கு உதறியபோது ஒன்றும் விழவில்லை. இன்றைக்கு உதறினால் விழும்.