நாற்பது அடி

பதினேழாவது பந்து விலாவில் வந்து விழுந்தது.

கோச் ஹாய்ட் மட்டையைக் கீழே விடவில்லை. முதுகைத் திருப்பி, மோவாயைத் தோளுக்குள் புதைத்து, மூச்சை வெளியே விட்டு அடியை வாங்கிக்கொண்டார். மூச்சைப் பிடித்திருந்தால் எலும்பு வாங்கும், விட்டுவிட்டால் சதை வாங்கும்.

கல்லூரிப் பையன்களுக்கு முப்பத்தொரு வருடமாக அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

பேஸ்பாலில், எறிபவனின் பந்து உடம்பில் பட்டால் மட்டையாளனுக்கு முதல் தளம் சும்மா கிடைக்கும். பயந்து விலகுபவன் அதை இழப்பான். அதனால் வியாழக்கிழமைதோறும் தன் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, அவர்கள் உடம்பைக் குறிபார்த்து எறிவார். அறுபது அடியிலிருந்து எறிய வேண்டியதை நாற்பது அடியிலிருந்து எறிவார். பயிற்சிக்கென்று மென்மையான பந்து உண்டு. அவர் தோல் பந்தைத்தான் எடுப்பார். அதன் தையல் முதுகில் அச்சாகப் பதியும். மூன்று நாளைக்கு ஒவ்வொரு தையலையும் எண்ணலாம்.

மிசிசிப்பி மாநிலத்தில் அவர் அணி வருகிறது என்றால், மற்ற கல்லூரிகளின் எறிபவர்கள் உடம்புக்கு அருகே எறியவே தயங்குவார்கள்.

இன்றோடு ஓய்வு. விருந்து வேண்டாம் என்றுவிட்டார். பழைய ஆட்டக்காரர்களுக்கு அவரே கடிதம் போட்டார்: ஆளுக்கு ஒரு பந்து, அதே நாற்பது அடி, இந்த முறை நிற்கப்போவது நான்.

வந்தார்கள். தொப்பை விழுந்த ஆட்கள், வேகவைத்த கடலையைக் கொறித்தபடி வரிசையில் நின்றார்கள்.

"குனிஞ்சீங்க, பத்து ரவுண்டு ஓட விடுவேன் கோச்" என்றான் வரிசையில் அடுத்து நின்ற ரஸ்டி. அவருடைய பழைய மிரட்டல்தான். எல்லோரும் சிரித்தார்கள். பந்து தொடையில் அறைந்தது.

அடுத்தது முழங்கையைக் கிழித்தது. மட்டைப் பிடி ரத்தத்தில் வழுக்கியது. சிரிப்பு நின்றுவிட்டது.

"போதும் கோச். உக்காருங்க" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

அவர் உட்காரவில்லை. இன்னும் ஒருவன் பாக்கி.

வெண்டல். பத்தொன்பது வயதில் இதே இடத்தில் நின்றவன். அவர் எறிந்த பந்து அவன் கன்னத்து எலும்பை நொறுக்கி இடது கண்ணைக் கொண்டுபோனது. கல்லூரி அதை விபத்து என்று எழுதியது. அவர் கையெழுத்துப் போட்டார். அடுத்த வியாழக்கிழமையும் எறிந்தார்.

இத்தனை பேரையும் அழைத்ததே அவனுக்காகத்தான். அவன் கையால் ஒரு அடி வாங்காமல் வீட்டுக்குப் போக அவரால் முடியாது.

வெண்டல் பந்தை எடுத்தான். விரல்களைத் தையலில் சரியாகப் பொருத்தினான்.

ஹாய்ட் தலைக்கவசத்தைக் கழற்றிப் புழுதியில் போட்டார். இந்த முறை முதுகைத் திருப்பவில்லை.

"முகத்துக்கே எறிடா" என்றார்.

வெண்டல் எறியவில்லை. நாற்பது அடியையும் நடந்து வந்து, பந்தை அவர் உள்ளங்கையில் வைத்தான். வெட்கமும் பெருமையும் கலந்த சிரிப்பு அவனுக்கு.

"நானும் இப்ப ஸ்கூல் டீமுக்குக் கோச்தான். வியாழக்கிழமை ஆனா எறிஞ்சிடுவேன், தோல் பந்துதான்" என்றவன், மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"ஆனா பசங்க கண்ண இறுக்கி மூடிக்கிறானுங்க. எங்கள மட்டும் எப்படி கோச் தொறந்து வெக்கச் செஞ்சீங்க?"