அசையாத பச்சைப் புள்ளி

வயலுக்கு மருந்தடிக்கப் போகும் தட்டான், பொன்வண்டு என்ற இரண்டு ட்ரோன்களைக் கண்காணிக்க ஒரு திரை இருந்தது. தன்னைத் தானே வடிவமைத்துக்கொண்டதில் அதற்கு ரொம்பப் பெருமை. தள்ளாடும் ட்ரோனுக்குச் சிவப்புப் புள்ளி, ஆடாமல் அசையாமல் நிற்பதற்குப் பச்சைப் புள்ளி. குழப்பமே கிடையாது.

அன்று மத்தியானம் காற்று பலமாக அடித்தது. தட்டான் நொடிக்கொரு தரம் செய்தி அனுப்பியது.

"காத்து தள்ளுதுங்க. பேட்டரி பாதிக்கு வந்துருச்சுங்க."

"உனக்கு எப்பப் பாத்தாலும் ஒரு குறை," என்று திரை அதற்குச் சிவப்பு வைத்தது. "பொன்வண்டைப் பாரு. அரை மணி நேரமா ஒரு புகார் உண்டா?"

"அதோட சத்தத்தையே காணோமேங்க."

"அதுக்குப் பேர்தான் அடக்கம்."

அப்போது ஜன்னலில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. "உங்க பொன்வண்டு பனைமரத்து உச்சியில சிக்கிக் கிடக்கு," என்றது.

திரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருகிட்ட கதை விடுற? இங்க பாரு, பச்சை. துளிகூட அசையல."

காக்கா தலையைச் சாய்த்து அந்தப் புள்ளியை நன்றாகப் பார்த்தது.

"வாஸ்தவம்தான்," என்றது. "அங்கயும் அசையல."