ஒன்பதாவது கடி

ஒன்பதாவது தடவையும் ரத்தக் காட்டேரி கடிக்கத் தவறிவிட்டது.

"கட்!" என்று அலறினார் இயக்குநர். "யோவ், ஒரு கழுத்தைக் கடிக்க இத்தனை பாடா?"

"மன்னிச்சிடுங்க சார். பல்லு கழண்டு போச்சு."

காட்டேரி நடிகர் தம் பிளாஸ்டிக் கோரைப்பல்லை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார்.

விளக்குகளுக்கு வழியில்லாத படம் அது. ஆகவே அதில் காட்டேரி பகலில்தான் உலாவும். அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் அது கதாநாயகியைக் கடிக்க வேண்டும். கடிபட்டவள் இடுப்பில் கயிற்றோடு கீழே குதிக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் இரண்டும் முடிந்தாக வேண்டும். மாடிக்கு அன்று ஒருநாள்தான் அனுமதி.

ஒப்பனைக்காரி, கதாநாயகியின் கழுத்தில் வழிந்த சிவப்புப் பாகைத் துடைத்தாள்.

"ஒன்பது தரம்! உனக்குக் கூச்சமா இல்லையாடி?"

"நான் என்னக்கா பண்ண? அவர் பல்லு நிக்க மாட்டேங்குதே."

"பல்லா? அந்த ஆளுக்குப் புத்திதான் ஒரு இடத்துல நிக்கலை."

அவள் ஒட்டிய பல், முறுக்கிப் பிடித்து இழுத்தாலொழியக் கழலாது. அது அவளுக்குத் தெரியாதா?

பத்து. பதினொன்று. பன்னிரண்டாவது கடியில் சூரியன் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

"போச்சு!" தொப்பியைத் தரையில் அடித்தார் இயக்குநர். "குதிக்கிறதுக்கு ஒரு பொம்மையைத் தூக்கிப் போட்டுக்கலாம். கிளம்புங்க எல்லாரும்!"

மாடிப்படியில் நடிகரை வழிமறித்தாள் ஒப்பனைக்காரி.

"வெட்கமா இல்லை? உங்க மக வயசு அவளுக்கு. நான் ஒட்டின பல்லு தானா கழலுமா?"

"கழலாதும்மா. நான்தான் ஒவ்வொரு தரமும் நெம்பி எடுத்தேன்."

கிளம்பும்போது சுருட்டி எடுத்து வந்திருந்த, அவள் குதிக்க வேண்டிய கயிற்றைத் தம் கறுப்பு அங்கிக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார் அவர். நடுவே நைந்து, இரண்டே இழையில் நின்றது அது.

"காலையிலேயே இயக்குநர்கிட்ட காட்டினேன். 'தாங்கும், போய்யா'ன்னுட்டார். அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா, வந்த வாய்ப்பு போயிடுமேன்னு குதிச்சே தீருவா. பொழுதைச் சாய வைக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியலை."



அந்தக் கயிற்றைக் காலையில் ஒப்பனைக்காரியும் பார்த்திருந்தாள். 'நமக்கு எதுக்கு வம்பு? நம்ம வேலை முகத்தோட சரி' என்று அதைத் தாண்டிப் போய்த்தான், அவருக்குக் கோரைப்பல் ஒட்டினாள்.