இருபத்தேழாவது பகுதி

'12.11.2024, செவ்வாய். நேற்று எழுதியதில் ஒரு தவறு. நாகத்தீவு கார்ட்டூன் மொத்தம் இருபத்தாறு பகுதி என்று எழுதிவிட்டேன். இருபத்தேழு.'

பேனாவை மூடினாள். எலக்ட்ரிக்கல் மாலை வகுப்புக்கு இன்னும் யாரும் வரவில்லை.

பத்து நாளாக, வேலை பார்க்கும் அச்சகத்தில் சாப்பாட்டு இடைவேளையில், பின்படியில் உட்கார்ந்து செல்போனில் அதைப் பார்த்துவந்தாள். யாரோ பழைய தமிழ் டப்பிங்கை ஏற்றியிருந்தார்கள். பார்த்த பகுதிக்கெல்லாம் நோட்டில் ஒரு டிக்.

கடைசிப் பகுதியை அவள் பார்த்ததே இல்லை. பதினோரு வயதில், அது வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், அம்மா மாவு அரைத்துவர அனுப்பிவிட்டாள். திரும்பி வந்ததும் அண்ணன்தான் கதை சொன்னான்.

"டாரோவுக்கு உயிர் தீந்துபோச்சு. தங்கச்சி மினா தன்னோட மூணு உயிரயும் அவனுக்குக் குடுத்துட்டா. அவன் ஜெயிச்சுட்டான்."

அவள் அழுதாள். இதைவிட நல்ல முடிவே இருக்க முடியாது என்று நினைத்தாள்.

அந்தக் கார்ட்டூன் ஒரு வீடியோ கேமிலிருந்து வந்தது. கேஸட் வீட்டில் இருந்தது. ஆளுக்கு மூன்று உயிர். தன்னுடையது தீர்ந்தால், சிவப்பு பட்டனை அமுக்கி அடுத்தவர் உயிரை எடுத்துக்கொள்ளலாம்.

அந்த முடிவைக் கேட்கும்வரை, அண்ணன் அமுக்க வந்தால் கையைக் கடிப்பாள்.

அதற்குப் பிறகு கடிக்கவில்லை.

அவளும் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும் என்று அப்பா தயங்கினார். யாரும் கேட்காமலே அவள் சொன்னாள். அண்ணன் படிக்கட்டும்.

இன்று மதியம் இருபத்தேழாவதைப் பார்த்தாள்.

மினா கொடுக்கவில்லை.

டாரோ கையை நீட்டுகிறான். அவள் தலையாட்டி மறுக்கிறாள். மூன்று உயிரோடும் கோட்டைக்குள் போகிறாள். அவன் படியில் உட்கார்ந்து கைதட்டுகிறான்.

சோற்றை மூடி வைத்துவிட்டு அண்ணனுக்கு போன் போட்டாள். கேட்டாள்.

அவன் சிரித்தான்.

"அதுவா? அன்னிக்குத் தெரு பூரா கரண்டே இல்ல புள்ள. நானும் பாக்கல. நீ அழுவியேன்னு ஒரு கதய அடிச்சு விட்டேன். இத்தன வருசமா நம்பிக்கிட்டா இருந்த?"

அவள் டிபன் மூடியை இறுக்கினாள்.

"சரி, நாளைக்குச் சாயங்காலம் அஞ்சரைக்கு வந்துரு. ஒங்க மதினி ஊருக்குப் போறா, பிள்ளைகளப் பாக்க ஆளில்ல."

"நாளைக்குப் பரீட்சண்ணே."

"பரீட்ச எங்க போயிரும்? அடுத்த தடவ எழுதிக்க."

"சரிண்ணே" என்றாள். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

நோட்டிலும் எழுதிவிட்டாள். 'நாளை: 5.30, அண்ணன் வீடு.'

கரண்ட் இல்லை என்றால் அவன்மேல் என்ன தப்பு? சின்னப் பையன். ஏதோ சொன்னான். நம்பியது அவள்.

அப்படித்தான் எழுத நினைத்தாள். பேனா நகரவில்லை.

மாவு மில் அவர்கள் தெருவில்தான். மூன்று வீடு தள்ளி.

வேறொரு நாளோடு குழப்பிக்கொள்கிறோமோ? மறுபடி முதலிலிருந்து யோசித்தாள்.

வரிசையில் ஆறாவது ஆள். "கார்ட்டூன் முடிஞ்சிரும்ணே, சீக்கிரம் அரைங்க" என்று மில்காரரிடம் கெஞ்சினாள். முன்னால் நின்ற ஐந்து பேருக்கும் அரைத்து முடித்துத்தான் அவளுக்கு அரைத்தார். டப்பா சுட்டது. பாவாடையைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கி வந்தாள்.

அந்த நேரம் முழுக்க கரண்ட் மில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஸ்கேலை வைத்து, 'அண்ணன் வீடு' என்று எழுதிய வரியை அடித்தாள். தாள் கிழிந்தது. அடியிலிருந்த தாளும் கிழிந்தது.

புதுப் பக்கம் திருப்பினாள்.

'நாளை: எலக்ட்ரிக்கல் செய்முறைத் தேர்வு, மாலை 5.30. ஹால் டிக்கெட், டெஸ்டர், கட்டிங் பிளேயர் எடுத்து வைக்க வேண்டும். ஐந்து மணிக்கே போனை அணைத்துவிட வேண்டும்.'